இரண்டாவது வரிக்கு ஒரு சொல்

மார்ச் 6

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இப்படியே இருக்கட்டும். போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். வாயால் பேசினால் நீ எப்படியாவது சிரிக்க வைத்து நழுவிவிடுவாய். எழுத்தில் பதில் சொல்.

நேற்று மருத்துவமனைத் துவைப்புக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி போடுகிற அண்ணன் பேப்பரை விரித்து, "இந்த வாரம் பிரமாதம், எல்லாரும் கேளுங்க" என்று உரக்கப் படித்தார். உன் 'நடக்காத செய்தி' பகுதிதான். பழைய தலைப்பு ஒன்றைப் போட்டு, அது வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாராவாரம் நீ அடிக்கிற கிண்டல். மேலே கொட்டை எழுத்தில் "இதில் வருவது எதுவும் நடக்கவில்லை, சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள்" என்று போட்டுவிடுவாய். போன வாரம் மேயர் திறந்த பாலம். மூன்றாம் நாள் அது விழாமல் இருந்திருந்தால் மேயர் அதே சிமெண்டில் இன்னும் பதினொரு பாலம் கட்டியிருப்பார், ஆகவே விழுந்த பாலத்துக்குச் சிலை வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு நானும் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

இந்த வாரத் தலைப்பு என்ன என்று உனக்கே தெரியும்.

லிஃப்ட் அறுந்து மூவர் பலி:
குடிபோதை மெக்கானிக் கைது

லிஃப்டில் போன காசாளர் உயிரோடு ஐந்தாம் மாடி போய்ச் சேர்ந்திருந்தால் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருப்பாராம், மறுநாள் மனைவிக்குப் பயந்து திரும்ப வாங்கியிருப்பாராம். மெக்கானிக் அன்றைக்கு ஒரு கிளாஸ் குறைத்திருந்தால் இந்நேரம் லிஃப்ட் துறை அமைச்சராம். கூடமே சிரித்தது. அந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு விரிப்பை மடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் அதற்குள் படித்துவிட்டிருந்தார். நுரையீரலுக்கு இன்னும் இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஒரு வாக்கியம் பேசினால் ஐந்து நிமிடம் இருமுகிறார். கோபமே படவில்லை. "கிண்டல் பண்ணட்டும், அவன் பொழப்பு அது. நான் குடிச்சதில்லைன்னு மட்டும் ஒரு வரி போடச் சொல்லேன். அவன் பேப்பர்தானே" என்றார்.

நான்கு வருஷம் ஜெயிலில் இருந்தவர் கேட்பது ஒரே ஒரு வரி. போடுவாயா, மாட்டாயா?

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

நீ விட்ட 'அன்புள்ள'வை நானே சேர்த்துப் படித்துக்கொண்டேன். பிழை திருத்துவதுதானே என் தொழில்.

அந்தத் தலைப்பை நான் எடுக்கவில்லை, சத்தியமாக. ஆசிரியர் பழைய தொகுப்பிலிருந்து வாரம் ஒரு தலைப்பை வட்டம் போட்டு அனுப்புவார். அதை வைத்து நான் சிரிப்புக் காட்ட வேண்டும். சர்க்கஸ் கோமாளி இன்றைக்கு எனக்குப் பல்வலி என்று சொல்ல முடியுமா? பதினொரு மேஜை இருந்த கூடத்தில் இப்போது நான்கு மேஜை. போன ஏழு பேரின் நாற்காலிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி என் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை நாலு பேர் படிப்பதால்தான் என் நாற்காலி தரையில் நிற்கிறது. அத்தான் பெயரையும் நான் போடவில்லை. வெறும் மெக்கானிக் என்றால் யாரோ ஒரு மெக்கானிக்.

திருத்தம் கேட்கிறாய். எங்கள் பேப்பரில் ஒரு சட்டம், செய்தி வந்து ஏழு நாளுக்குள் கேட்டால்தான் திருத்தம். இது இருபத்திரண்டு வருஷம் ஆனது. இதற்குப் போட்டால் நாளைக்குப் பாலத்து மேயரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். ஆசிரியர் காதிலேயே வாங்க மாட்டார்.

அத்தானிடம் என் அன்பைச் சொல். பெற்றவர்கள் போனபின் உங்கள் ஒற்றை அறையில் எனக்குப் பாதி இடம் கொடுத்தவர் அவர். பரீட்சைக்குப் படித்தபோது விடியற்காலையில் எழுந்து டீ போட்டுக் கொடுப்பார். அதையெல்லாம் மறப்பேனா?

உன் தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

டீ நன்றாக நினைவிருக்கிறது உனக்கு. சந்தோஷம். மற்றதையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன்.

அந்தக் கட்டடத்து லிஃப்டின் கம்பிக்கயிறு நைந்துவிட்டது, மாற்றுங்கள் என்று உன் அத்தான் முதலாளிக்கு மூன்று தடவை கடிதம் எழுதினார். அன்று காலையும் போய்ப் பார்த்துவிட்டு 'ஓடாது' என்று அட்டை எழுதி லிஃப்டில் தொங்கவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனார். யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அவர்களைப் படியேற விடுவதா என்று முதலாளியின் ஆள் அட்டையைக் கழற்றினான். மூன்று பேர் செத்தார்கள். அத்தானைப் பிடித்தார்கள்.

நான் தொழிற்சங்கத்துக்கு ஓடினேன். தலைவர் உங்கள் மாலைப் பேப்பரை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். "வேற எதுவா இருந்தாலும் நிப்போம்மா. குடிச்சிட்டு மூணு பேரைக் கொன்ன கேஸ்ல சங்கம் எப்படி வரும்?" என்று கைகழுவினார். சங்கம் வந்திருந்தால் நல்ல வக்கீல் வந்திருப்பார், அந்த மூன்று கடிதங்களையும் முதலாளி கிழித்துப்போடுமுன் கேட்டு வாங்கியிருப்பார். சர்க்கார் கொடுத்த இலவச வக்கீல்தான் கிடைத்தார், அவருக்கு அத்தான் முகமே கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. நான்கு வருஷம்.

எங்கள் கல்யாணத்தன்று யாரோ ஊற்றிக்கொடுத்ததை முகர்ந்துவிட்டே வாந்தியெடுத்த மனுஷன் அவர். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

இப்போது நாங்கள் இருக்கிற நான்காவது மாடிக்கும் லிஃப்ட் உண்டு. படுத்துக்கொண்டே அது ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்பார். "பிரேக் தேயுது, சொல்லிடு" என்பார். துண்டுச்சீட்டில் எழுதிக் கட்டடச் செயலரிடம் கொடுத்தேன். "அந்தக் குடிகாரர் சொன்னாரா?" என்று கேட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த ஊருக்கு வந்தும் அந்தச் சொல் எங்களை விடவில்லை.

சரி, திருத்தம் வேண்டாம். அவர் இன்னொன்று கேட்கிறார். "போலீஸ் அப்படிச் சொல்லல. டாக்டர் சொல்லல. கோர்ட்லகூட யாரும் சொல்லல. பேப்பர்ல மட்டும் அது எப்படி வந்துச்சு? யாரு எழுதினது?" சாவதற்குமுன் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நீ அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாய். விசாரித்துச் சொல்.

அக்கா


மார்ச் 23

அன்புள்ள அக்கா,

விசாரித்தேன். அது எங்கள் பழைய தலைமை உதவியாசிரியர் செய்தது. பெரிய கண்ணாடி என்போமே, அவர். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இனி அவரை எங்கே போய்க் கேட்பது?

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று அத்தானுக்குப் புரியவை. அந்தக் காலத்து ஆசிரியருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இரண்டு வரித் தலைப்பு என்றால் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு வரி குட்டையாகப் போனால், "என்னய்யா இது, பல்லு போன வாய் மாதிரி" என்று எல்லார் முன்னாலும் தாளைக் கசக்கி மூஞ்சியில் எறிவார். அன்றைக்கு 'லிஃப்ட் அறுந்து மூவர் பலி' முழு அகலத்துக்கு அழகாக உட்கார்ந்துவிட்டது. கீழே 'மெக்கானிக் கைது' என்றால் இடது பக்கம் ஒரு சொல்லுக்கு இடம் பல்லிளித்தது. மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். 'கவனக்குறைவான' போட்டால் வெளியே தள்ளுகிறது. 'சோம்பேறி' போட்டால் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. 'குடிபோதை' கச்சிதம். கைதான ஆள் பெயர்கூட அப்போது வந்திருக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். யாரும் யாரையும் கெடுக்க நினைக்கவில்லை.

செத்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அத்தானை நிம்மதியாக இருக்கச் சொல்.

உன் தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

'சோம்பேறி' போட்டால் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்பது ஆறு வருஷம் முன்னால் செத்தவர் உன்னிடம் வந்து சொன்னாரா?

அந்த நாள் உனக்கு வேலையில் மூன்றாவது மாதம். மதியம் இரண்டு மணிக்கு, அந்த ஊரில் நான் அப்போது வேலை பார்த்த துவைப்புக் கூட அலுவலகத்துக்குப் போன் பண்ணினாய். "அக்கா, பெரிய கண்ணாடி லீவு. இன்னைக்கு முதல் பக்கத் தலைப்பு நான் போட்டது. ஓடிப்போய் வாங்கிப் பாரு!" என்று குதித்தாய். ஈரக் கையோடு ஓடினேன். என் தம்பி போட்டது என்று பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினேன். மூன்று பேரைக் கொன்றவனை நடுத்தெருவில் வைத்து உதைக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். அச்சில் வந்துவிட்டதே, குடிகாரனாகத்தானே இருப்பான் என்று நம்பினேன். அரைமணி கழித்துப் போலீஸ்காரர் வந்துதான் அந்தக் குடிகாரன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆக, எனக்கு முதல் நாளே தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். உன் அத்தானிடம் சொல்லவில்லை. ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போதெல்லாம், "அவன் எப்படி இருக்கான்? ஒழுங்கா சாப்பிடறானா?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன்? நீயே ஒருநாள் வந்து சொல்வாய் என்று இருந்தேன். போன கடிதத்தில் யார் எழுதியது என்று கேட்டதும் அதற்குத்தான். அடியெடுத்துக் கொடுத்தும் உன்னால் முடியவில்லை, ஒரு பிணத்தின்மேல் தூக்கிப் போட்டாய்.

ஏழு நாள் சட்டம் என்றாயே. உனக்கும் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் நீ எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டு, என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாய்.

இரண்டில் ஒன்று செய். வந்து அவரிடம் சொல். இல்லை, அந்த ஒரு வரியைப் பேப்பரில் போடு. அடுத்த மாதத்துக்குள். அவருக்கு அதற்குமேல் மாதம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

ஐந்து தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான்தான். பெயர் வந்தது மூன்று மணிக்கு. பேப்பர் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒரு மணிநேரம் நின்றேன். அவர் வெளியே வந்து, "நேத்துத் தலைப்பு நல்லா உக்காந்துதுப்பா" என்று முதுகில் தட்டினார். அதற்குமேல் வாய் வரவில்லை. மூன்றாவது மாதம் அக்கா, வேலை நிரந்தரமாகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு நாள் போயிற்று. பிறகு ஏழு நாள் தாண்டிவிட்டது, இனி சொல்லிப் பயனில்லை என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். போன மாதம் ஆசிரியர் அதே தலைப்பை வட்டம் போட்டு அனுப்பினபோது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று பயந்து எழுதினேன். இதுதான் நான்.

வந்து அத்தான் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒருநாள் ரயில், அவ்வளவுதான் தூரம், ஆனாலும் முடியாது. திருத்தம் போட்டால் யார் செய்தது என்று தோண்டுவார்கள், என் நாற்காலியும் பின்னால் இருக்கிற அடுக்கில் ஏறிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். என் கையில் இருப்பது அரைப் பக்கம். 'நடக்காத செய்தி'யிலேயே மொத்த உண்மையையும் எழுதிவிடுகிறேன். மூன்று கடிதம், அட்டை, கழற்றினவன், அத்தான் குடிக்காதது, எல்லாம். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அடுத்த வாரம் வரும். ஒரு வரி கேட்டார், எழுபது வரி தருகிறேன்.

அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

வந்தது. 'மெக்கானிக் குடிக்காமல் இருந்திருந்தால்' என்று தலைப்பு. நீ சொன்னதெல்லாம் இருந்தது. மூன்று கடிதம் எழுதியிருப்பார், அட்டை மாட்டியிருப்பார், முதலாளியின் ஆள் கழற்றியிருப்பான், மெக்கானிக் பச்சைத் தண்ணீரும் டீயும் தவிர எதையும் தொட்டிருக்க மாட்டார். மேலே வழக்கம்போலக் கொட்டை எழுத்து: இதில் வருவது எதுவும் நடக்கவில்லை, சிரித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அடே, நீ படித்தவன்தானே? பொய் எழுதுகிற இடத்தில் உண்மையைப் போட்டால் ஊர் அதை என்னவென்று படிக்கும்?

இஸ்திரி அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மெக்கானிக்காவது கடுதாசி எழுதறதாவது! ஆள் எப்படித்தான் யோசிக்கிறாரோ!" பச்சைத் தண்ணீர் இடத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். சாயங்காலம் கட்டடச் செயலர் பேப்பரோடு மாடி ஏறி வந்தார். எங்கள் கதை என்று அவருக்குத் தெரியுமே. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "படிச்சேன் சார், மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க இப்படி மட்டும் இருந்திருந்தா வாழ்க்கையே வேற மாதிரி இருந்திருக்கும் இல்ல?" என்று கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். இதுவரை சந்தேகமாக இருந்ததை நீ உறுதி பண்ணிக் கொடுத்துவிட்டாய்.

அவர் போனபின் உன் அத்தான் பேப்பரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான். நடந்தது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் இங்க போட்டான்?" என்றார்.

 உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரிய கண்ணாடி லீவு என்பதிலிருந்து சோம்பேறி, குடிபோதை வரைக்கும் எல்லாம்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

சொல்லிவிட்டாயா? சொல்லாதே என்று கெஞ்சினேனே.

அந்தக் கொட்டை எழுத்து என் கையில் இல்லை. அது நிரந்தரமாக அங்கேயே இருப்பது. தினமும் பார்க்கிற சுவர் மாதிரி எனக்குக் கண்ணில் படாமல் போய்விட்டது. நம்ப மாட்டாய், தெரியும். ஆசிரியர் இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்தது என்று பாராட்டினார். அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. செருப்பால் அடி.

அவர் என்ன சொன்னார்? நீ சொன்னதும் என்ன சொன்னார்? திட்டினாரா? அதை ஏன் எழுதாமல் கடிதத்தை முடித்தாய்?

உன் தம்பி


ஏப்ரல் 29

அக்கா,

இருபதாம் தேதிக்குப் பிறகு இன்னும் இரண்டு எழுதினேன், மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. இந்த வாரம் பகுதி எழுத முடியவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நாடகக் கொட்டகையில் தீ என்று வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். கொட்டகை எரியாமல் இருந்திருந்தால் நாடகம் முழுசும் நடந்து நிறையப் பேருக்குக் காயம் பட்டிருக்கும் என்று முதல் வரி வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை.

அத்தான் எப்படி இருக்கிறார்? என்னைப் பற்றி என்ன சொன்னார்? காறித் துப்பினார் என்றாலும் எழுது. இனி என் முகத்தில் விழிக்காதே என்றார் என்றாலும் எழுது. தெரியாமல் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு வரி போதும் அக்கா.

உன் தம்பி


மே 9

தம்பிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் போய்விட்டார். எல்லாம் முடிந்துவிட்டது, நீ கிளம்பி வராதே. லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடியும் படி வழியாகத்தான் இறக்கினார்கள். செயலரும் ஒரு பக்கம் பிடித்தார். "தங்கமான மனுஷன், அந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா" என்று கீழே வந்து எல்லாரிடமும் சொல்லி அழுதார்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், சொன்னார். நான் உன் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு உன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். திங்கட்கிழமை, பேச்சு குழறிப்போன பிறகும், அதையே மறுபடி சொல்லி, "அவன்கிட்ட சொல்லிடு" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்ல மாட்டேன். மன்னித்தாரா, சபித்தாரா என்றுகூடச் சொல்ல மாட்டேன். சாகப்போகிறவரிடம் தலையாட்டிவிட்டு ஏமாற்றுகிறேன், அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். அவர் உன்னிடம் ஒரு வரி கேட்டார். அது கிடைக்காமல்தான் போனார். நீயும் அப்படியே இரு.

நடக்காததை எழுதுவதில் நீதான் கெட்டிக்காரனாயிற்றே. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உட்கார்ந்து எழுதிப் பார். நல்லதாக ஒன்று எழுதுவாய், இருக்காது என்று அடிப்பாய். கெட்டதாக ஒன்று எழுதுவாய், அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லையே என்று அதையும் அடிப்பாய். எது சரி என்று கேட்டு எனக்கு அனுப்பாதே. பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்கின் மனைவி